சலூன் கண்ணாடியோடு ஒரு குடைவரைச் சுற்றுலா

தலைக்கு 1,450 ரூபாய். காலை ஆறு மணிக்கு வேலூர் பழைய பஸ் நிலையத்தில் சுற்றுலா வேனில் ஏறினால் இரவு எட்டுக்குள் அதே இடத்தில் இறக்கிவிடுவார்கள். காலை டிபன், மதியச் சாப்பாடு, இரண்டு தண்ணீர் பாட்டில் எல்லாம் அதற்குள் அடக்கம். திருவல்லம், மேல்பாடி, வள்ளிமலை, மகேந்திரவாடி, விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலை என்று ஐந்து இடம். நோட்டீஸில் இருப்பது இவ்வளவுதான். அந்த நோட்டீஸை அடித்துக் கொடுத்தவனே நான் என்பதால் எனக்கு மனப்பாடம். ‘பள்ளவர் காலக் குகை’ என்று எழுதிக்கொண்டு வந்ததை ‘பல்லவர்’ என்று திருத்தியதும் நானே. அதற்குக் காசு வாங்கவில்லை.

கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன்; நாளைக்கு முதலாளி என் கடைக்கு வந்தால் முகம் பார்த்துப் பேச வேண்டும். கொசப்பேட்டையில் 22 வருஷமாக ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வரலாறு படிக்கும் பிள்ளைகளின் ஆய்வேடுகள் பைண்டிங்குக்கு வரும். ஒரு தடவை பக்கங்கள் கலைந்துபோய், வரிசை சரியா என்று பார்க்க உட்கார்ந்து படித்தேன். நடுகல் பற்றிய ஆய்வேடு அது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. கல்வெட்டு எழுத்தை ஓரளவு கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். பட்டம் எதுவும் கிடையாது.

அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு வள்ளிமலை முருகன்தான் முக்கியம். “மீதி நாலு இடமும் உனக்கு, அது ஒண்ணு எனக்கு, சரியா” என்று பேரம் பேசித்தான் வந்தாள்.

வேன் நல்ல வேன். சீட் சாய்கிறது, ஏசி முன்னால் இரண்டு வரிசைக்கு மட்டும் வருகிறது. தை மாதம் என்பதால் பிழைத்தோம். சித்திரையில் இதே வேனில் யாரும் போய்விடாதீர்கள். டிரைவர் நிதானமானவர். கைடு 25 வயசுத் தம்பி, எஞ்சினியரிங் முடித்தவர். பேச்சு சரளம். வேன் கோட்டையைத் தாண்டும்போதே மைக்கைப் பிடித்துவிட்டார்: “தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், இதான் வேலூர்.” எங்கள் ஊர்ப் பழைய கிண்டல். ஆனால் மூன்றாவது 1981 மார்ச் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை அப்போதுதான் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள், ஜலகண்டேஸ்வரருக்குத் திரும்பப் பூஜை நடக்கிறது. அக்கா அந்தக் கூட்டத்தில் நின்றவள். “சாமி வந்து நாப்பது வருஷம் தாண்டிப்போச்சு தம்பி” என்று பின் சீட்டிலிருந்தே கத்தினாள். கைடு சிரித்துவிட்டு அடுத்த ஜோக்குக்குப் போய்விட்டார்.

திருவல்லத்தில் முக்கால் மணி நேரம். நந்தி மூலவரைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கிறது. அதற்கு ஒரு கஞ்சன் என்கிற அசுரன் கதை உண்டு, அதைத் தம்பி நன்றாகவே சொன்னார். சுவர் முழுக்க இருக்கிற கல்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் இந்த ஊருக்குத் ‘தீக்காலி வல்லம்’ என்று பெயர். மாவலிச் சக்கரவர்த்தியின் வம்சம் என்று சொல்லிக்கொண்ட வாணர்கள் இந்தப் பக்கத்தை ஆண்டவர்கள். பெரும்பாணப்பாடி என்றால் இந்த மண்தான். பல்லவருக்கும் கர்நாடகத்துக் கங்கருக்கும் சோழருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு காலம் தள்ளிய குடும்பம். பொங்கல் பொட்டலம் அங்கேதான் கொடுத்தார்கள். சூடு இருந்தது, மிளகு இருந்தது, நெய் வாசனை மட்டும் இருந்தது.

இனி மேல்பாடி. 1,450 ரூபாயில் ஆயிரம் ரூபாயை இந்த ஒரு இடத்துக்கே எழுதிவிடலாம்.

பொன்னை ஆற்றங்கரையில் சின்ன ஊர். சோமநாதீஸ்வரர் கோயில் பெரியது, எல்லோரும் அதற்குள் போனார்கள். பக்கத்தில் சின்னதாக இன்னொன்று நிற்கிறது. கைடு அதைக் கையால் காட்டி “அதுவும் சோழர் கோயில்தான்” என்று முடித்துக்கொண்டார். நான் நழுவி அங்கே போனேன். மணி ஒன்பது இருக்கும். வெயில் சுவர் மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிற நேரம். கல்வெட்டுப் படிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒவ்வொரு எழுத்துப் பள்ளத்திலும் ஒரு ஓரம் நிழல் கட்டி நிற்கும். டோனர் தீர்ந்துபோன மிஷினில் வருகிற நகல் மாதிரி மங்கிக் கிடந்த சுவர், அந்த வெளிச்சத்தில் புது கார்ட்ரிட்ஜ் போட்ட மாதிரி எழுந்து வந்தது.

ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சய சோழனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில் அது. அரசனை அடக்கம் செய்த இடத்தின் மேல் கட்டுகிற கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். கல்வெட்டு அரிஞ்சயனை ‘ஆற்றூர் துஞ்சின தேவர்’ என்கிறது. கோயில் ‘திருவறிஞ்சீஸ்வரம்’. ஊர் ‘மேல்பாடியான ராஜாஸ்ரயபுரம்’. துஞ்சின என்றால் தூங்கிய. செத்துப்போனார் என்று எழுதக் கை வரவில்லை. ஆற்றூரில் தூங்கியவர் என்று எழுதியிருக்கிறார்கள். சுந்தர சோழனையும் இப்படித்தான் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்பார்கள். விரலை எழுத்தின் மேல் வைக்காமல் காற்றிலேயே வைத்து ‘து’, ‘ஞ்’ என்று கூட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள். “என்னடா எழுதியிருக்கு?” சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, “அப்பா தூங்கிட்டாருன்னுதானே நாமளும் சின்ன பசங்ககிட்ட சொன்னோம்” என்றாள்.

அரிஞ்சயனின் அண்ணன் ராஜாதித்தன் செத்ததும் நம்ம பக்கத்தில்தான், தக்கோலத்தில், 949இல். ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன், யானை மேல் இருந்த ராஜாதித்தனைக் கொன்றான். அந்தச் சண்டையைச் சொல்கிற ஆதகூர் கல், கர்நாடகத்தில் கிடைத்தது, ஒரு நாய்க்கு வைத்த நினைவுக்கல்! பூதுகனின் வீரன் மணலேரன் என்ன பரிசு வேண்டும் என்றதற்கு, ‘காளி’ என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அது ஒரு பன்றியோடு சண்டை போட்டு, பன்றியும் செத்தது, நாயும் செத்தது. அதற்குக் கல் நட்டு நிலமும் விட்டார்கள். சோழ இளவரசன் சாவு அந்த நாயின் கல்லில் ஒரு செய்தியாக வந்து நிற்கிறது. இதை வேனில் சொன்னதும் பின் சீட்டு முழுக்கத் திரும்பிவிட்டது. நம்ம பழைய வட ஆற்காட்டிலும் ஒன்று உண்டு: செங்கம் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல். எஜமானன் கருந்தேவக்கத்தி செத்து விழ, ‘கோவிவன்’ என்கிற அவன் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அவன் பக்கத்திலேயே காவல் இருந்ததாம். கல்லில் நாயும் இருக்கிறது, நாயின் பெயரும் இருக்கிறது. இந்தக் கல்தான் எனக்கு முதலில் பைத்தியம் பிடிக்கவைத்த ஆய்வேட்டில் இருந்தது.

வள்ளிமலைக்கு பதினொன்றரைக்குப் போனோம். அக்காவின் பங்கு இது, குறை சொல்ல மாட்டேன். படியேறும்போது கைடு தம்பி வயதானவர்கள் இரண்டு பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார், பையைத் தானே சுமந்தார், ஒரு இடத்தில்கூட அவசரப்படுத்தவில்லை. இதற்காக அவருக்குத் தனியாக ஐந்துக்கு ஐந்து. மேலே அக்கா ஒரு திருப்புகழ் பாடினாள். 1950இல் சமாதியான வள்ளிமலை சுவாமிகள் ஊர் ஊராகப் போய்த் திருப்புகழைப் பாட வைத்தவர். திருத்தணிப் படி விழாவும் அவர் தொடங்கியதுதான். ஆக அந்த மலையில் திருப்புகழ் பாடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

சமணக் குகை தனிப் பாதை. பதினொரு பேரில் ஆறு பேர் வந்தோம். பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் உருவங்களைக் காட்டி கைடு சொன்னார்: “இதெல்லாம் புத்தர் சிலை சார். அந்தக் காலத்துல இங்க புத்த மதம் இருந்துச்சு.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “தம்பி, மேல பாருங்க, குடை எத்தனை?”

மூன்று. ஒன்றின் மேல் ஒன்றாக முக்குடை. சமணத் தீர்த்தங்கரர் தலைக்கு மேல் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்து உடம்பைப் பாருங்கள்: துணி இல்லை. புத்தருக்கு மெல்லிய சீவர ஆடை இருக்கும். தோளிலோ மார்பிலோ அதன் ஓரம் ஒரு கோடாகவாவது தெரியும். மூன்றாவது தலை. புத்தருக்கு உச்சியில் ஒரு முடிச்சு மேடு. நாகப்பட்டினத்து வெண்கலங்களில் அதன் மேல் தீச்சுடர் ஒன்றும் எரியும். 1856இல் தொடங்கி அங்கே மண்ணிலிருந்து எடுத்தவை 350 பக்கம், நிறையச் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. ஒரு தடவை அந்தச் சுடரைக் கிட்டத்தில் பார்த்துவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் குழப்பம் வராது. இரண்டு பேரும் மடியில் கை வைத்துத் தியானத்தில் உட்கார்ந்திருப்பதால்தான் ஏமாறுகிறோம். புத்தர் சிலை பார்க்க ஆசைப்படுபவர்கள் காஞ்சிபுரம் போகலாம், எழும்பூர் போகலாம். வள்ளிமலையில் இருப்பவர்கள் வேறு ஆட்கள்.

இருப்பவர்கள் யார் என்று கல்லே சொல்கிறது. சிவமாறன் மகன் ஸ்ரீபுருஷன், அவன் மகன் ரணவிக்கிரமன், அவன் மகன் ராஜமல்லன், அவன் இங்கே ஒரு சமண வசதி எடுத்தான் என்று கங்கர்களின் நாலு தலைமுறையைக் கல்வெட்டு வரிசையாகத் தருகிறது. வசதி என்றால் சமணப் பள்ளி. நாம் இன்று சொல்கிற வசதி இல்லை. இன்னொரு உருவத்துக்குக் கீழே, பவணந்தி படாரரின் சீடர், வாணராயரின் குரு, தேவசேனர் என்று பெயர். காலையில் திருவல்லத்தில் பார்த்த வாணர்களின் குருநாதர் மதியம் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இந்த இரண்டு ஊரையும் ஒரே வேனில் வைத்ததற்குக் கம்பெனிக்குப் பாராட்டு, தெரிந்து வைத்தார்களா என்பது வேறு. (நன்னூல் எழுதிய பவணந்தி இவர் இல்லை, அவர் சில நூற்றாண்டு பிந்தியவர்.)

கைடு தம்பி கோபப்படவில்லை. முக்குடை, துணி, தலை என்று மூன்றையும் போனில் குறித்துக்கொண்டார். அடுத்த வேனில் போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்வார் என்று நம்புகிறேன்.

சாப்பாடு பொன்னையில் ஒரு மெஸ்ஸில். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு, அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ரசம் சுமார்.

அதற்கு அப்புறம்தான் வினை. வழியில் ஒரு கடையில் வேனை நிறுத்தினார்கள். நோட்டீஸில் இல்லாத ஆறாவது இடம். ‘பழங்காலக் கலைப்பொருள்’ கடை. கண்ணாடி அலமாரியில் பச்சை படிந்த ஒரு அம்மன், ஒரு நடராஜர், வெண்கலப் புத்தர் ஒன்று. “சோழர் காலத்து மாடல் சார், ஒரிஜினல் பஞ்சலோகம்.” மாடலா, சோழர் காலமா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, “தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பழசு” என்றார். 1972ஆம் வருஷச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை என்றால் தொல்பொருள், பதிவுச் சான்று வேண்டும், வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சான்றைக் காட்டுங்கள் என்றேன். உடனே சிலைக்கு வயசு குறைந்துவிட்டது. போன வருஷம் வார்த்ததாம். பச்சை எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை; அம்மனின் காது மடிப்புக்குள் கைபட முடியாத இடத்தில் பித்தளை பளபளவென்று மின்னியது. மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த உலோகத்தில் பச்சை மடிப்புக்குள்தான் முதலில் ஏறும். புத்தருக்கு 38,000 ரூபாய் சொன்னார்கள். அக்கா ஒரு குங்குமச் சிமிழ் 80 ரூபாய்க்கு வாங்கினாள். இந்தக் கூத்தில் 50 நிமிஷம் போனது.

அந்த 50 நிமிஷத்தைத்தான் மகேந்திரவாடியிலும் விளாப்பாக்கத்திலும் இழந்தோம்.

மகேந்திரவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை. வெட்டவெளியில் தனியாக ஒரு பாறை, அதைக் குடைந்து ஒரு கோயில். மாமல்லபுரம் மாதிரி கூட்டமோ கடையோ கிடையாது. முகப்பில் தூண்கள், உள்ளே ஒரே ஒரு கருவறை, இரண்டு பக்கமும் வாயிற்காவலர். ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் செய்தது என்று எப்படித் தெரியும் என்று ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி. பதில் தூணில் இருக்கிறது, கிரந்த எழுத்தில், வடமொழிச் செய்யுளாக. ஆனால் கோயில் கிழக்குப் பார்த்தது. மாலையில் முகப்பு முழுக்க நிழல். போன் டார்ச்சை நேராக அடித்தால் எழுத்து தட்டையாகிவிடும்.

அப்போதுதான் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். சலூனில் முடி வெட்டியபின் பின்கழுத்தைக் காட்டுவார்களே, அந்தக் கைக்கண்ணாடி. 120 ரூபாய். டிரைவர் அண்ணனை வெயில் விழும் இடத்தில் நிற்கவைத்து, வெளிச்சத்தைத் தூணின் பக்கவாட்டில் திருப்பச் சொன்னேன். “இன்னும் கொஞ்சம் சாய்ங்கண்ணா… அப்படியே… நிறுத்துங்க.” எழுத்து எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் ‘ஆ’ என்றது கைடின் எந்தக் கதைக்கும் வராத சத்தம். பாறையைப் பிளந்து குணபரன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) செய்த இந்தக் கோயிலுக்கு மகேந்திர விஷ்ணு கிருகம் என்று பெயர், இது மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில் இருக்கிறது என்று செய்யுள் சொல்கிறது. ஊருக்கும் தன் பெயர், ஏரிக்கும் தன் பெயர், கோயிலுக்கும் தன் பெயர். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று எழுதி வைத்தவனும் இதே ஆள்தான். அடக்கம் என்பது அவருக்குப் பிடிக்காத சமாசாரம் போல. கிரந்தத்தை நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்; ‘மஹேந்த்ர’ மட்டும் தெளிவாகப் பிடிபட்டது, மீதி ஆய்வேட்டில் படித்தது.

இருபது நிமிஷத்தில் ஹார்ன் அடித்துவிட்டார்கள். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் போக நினைப்பவர்களுக்கு வேனே வேண்டாம். அரக்கோணம்–காட்பாடி பாதையில் மகேந்திரவாடி என்றே ஸ்டேஷன் இருக்கிறது, பாசஞ்சரில் போகலாம். காலையில் போங்கள், கண்ணாடிகூடத் தேவைப்படாது.

ராணிப்பேட்டைத் தோல் ஷாப் வாசனையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டி, ஆற்காடு வழியாக விளாப்பாக்கம் போனபோது இருட்டிவிட்டது. கீழே இருக்கிற ஏழு அறைக் குடைவரையை டார்ச் வெளிச்சத்தில் பத்து நிமிஷம் பார்த்தோம். “வனவாசத்துல பஞ்சபாண்டவர் இங்க தங்கினாங்க” என்று கைடு சொன்னார். அஞ்சு பேருக்கு ஏழு ரூம் எதற்கு என்று ஒரு பொடியன் கேட்டான். சரியான பையன். நான் பார்க்க வந்த கல்வெட்டு மேலே இருக்கிறது: பல்லவ மன்னன் நந்திப் போத்தரசரின் 50ஆம் ஆண்டில், நாகநந்தி குரவர் இருக்க, பொன்னியக்கியார் என்கிற சமண இயக்கியின் படிமத்தைப் புகழாலைமங்கலத்து மருத்துவர் மகன் நாரணன் ‘கொட்டுவித்தான்’. கல்லைக் கொத்துவதற்குக் கொட்டுதல் என்கிறான். அந்தச் சொல்லிலேயே உளிச் சத்தம் கேட்கிறது. இன்னொரு கல்வெட்டு, ராஜராஜனின் எட்டாம் ஆண்டு, இந்த மலையின் பெயரைத் திருப்பான்மலை என்கிறது. பாண்டவர் வாடையே இல்லை. மேலே ஏற இருட்டில் விடமாட்டேன் என்றார் டிரைவர், அவர் சொன்னது நியாயம்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். டிரைவர், வேன், சாப்பாடு, வயதானவர்களைக் கவனித்தது எல்லாம் சேர்த்துத்தான் மூன்று. ஐந்து இடம் ஒரு நாளுக்கு அதிகம். மேல்பாடியும் வள்ளிமலையும் ஒரு நாள், மகேந்திரவாடியும் விளாப்பாக்கமும் இன்னொரு நாள் என்று பிரித்தால் விலையை இரண்டு பங்காக்கினாலும் வருவேன் என்று முதலாளியிடமே சொன்னேன்.

புதன்கிழமை கடைக்கு வந்தார், அடுத்த டிரிப் நோட்டீஸ் அடிக்க. “நீங்க சொன்னது சரிதாண்ணே, அஞ்சு அதிகம். நாலாக்கிட்டேன்.” பேப்பரை வாங்கிப் பார்த்தேன். எடுத்திருந்தது விளாப்பாக்கத்தை. அந்தக் கடையில் நிறுத்துவீர்களா என்றேன். “அது அஞ்சு நிமிஷம்தான்ணே” என்று சிரித்தார். நோட்டீஸில் அந்தக் கடை எங்கேயும் இல்லை, 500 காப்பி அடித்துக் கொடுத்தேன். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு கேள்வியை நீங்களே கேட்டுவிடுங்கள்.